ரெண்டு நிமிசப் பொகை

வாங்க தம்பி, வாங்க. ஓசூருக்காரரு நீங்கதானுங்களே? ஒண்டிப்புதூர்ல எறங்கித் தண்டபாணி ஊடு எதுன்னு கேட்டா ஆரு வேணாலும் கை காட்டுவாங்க. மில்லுல நாப்பது வருசம் ஃபிட்டரா இருந்தவன். உள்ள வாங்க, ஒரு காப்பி சாப்பிட்டுட்டு அப்பறம் வண்டியப் பாக்கலாம். பால் அடுப்புல இருக்குது.

வேண்டாங்களா? நேரா வண்டியத்தான் பாக்கோணுமா? அதுஞ் சரிதான். எம்பையன் யுவராஜும் அதத்தான் சொன்னான். நேத்து நியூசிலாந்துல இருந்து போன் பண்ணி, "ஏனுங்ப்பா, காலைல ஓசூர்ல இருந்து ஒருத்தரு வருவாரு. அவரூட்லயும் இதே மாதிரி ரோட்டரி இஞ்சின் காரு ஒண்ணு நிக்குது, அவருக்கு எல்லாந் தெரியும். பாத்துட்டு அவரே எடுத்துக்குவாரு. நீங்க சாவிய மட்டும் குடுங்க, வேற ஒண்ணும் பேசிக்க வேண்டாம்"னு சொன்னான். வேற ஒண்ணும் பேசிக்க வேண்டாமாமாங்க. பெத்த அப்பங்கிட்ட சொல்ற பேச்சுங்களா இது? நான் என்னத்தப் பேசப் போறேன்? வாயத் தொறந்தா உள்ளதச் சொல்ற ஆளு நானு. பொய்யிங்கறது நம்ம பரம்பரைக்கே ஆகாதுங்க.

இந்தத் தகரக் கொட்டாய்தான். சித்த தலையக் குனிஞ்சுக்குங்க. உறைய நான் எடுக்கறேன், நீங்க விடுங்க. பாருங்க, எப்படி இருக்குது! நாப்பது வருசத்து வண்டின்னு சொன்னா ஆரு நம்புவாங்க? எங்க மில் மொதலாளியோட தம்பி சப்பான்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தது. அவரு காலம் ஆனதுக்கப்பறம் அவுங்க தோட்டத்துல கெடந்துச்சு, உள்ளுக்குள்ள கோழி அடை காத்துட்டு இருந்துச்சுங்க. எம்பையன் போயிக் கேட்டு வாங்கிட்டு வந்து, ரெண்டு வருசம் இந்தக் கொட்டாய்லயே கெடந்து, ஒவ்வொரு திருகாணியா மாட்டி ஓட வச்சான். சோறு தின்ன வர மாட்டான். அவங்கம்மா தட்டக் கொண்டாந்து நின்னுக்கிட்டே ஊட்டி விடுவா. இருவத்தாறு வயசுப் பையனுக்குங்க.

இதுல பிஸ்டனே இல்லைன்னு அவன் சொன்னப்ப நான் சிரிச்சேன். பிஸ்டன் இல்லாம என்னடா இஞ்சின்னு. அப்பறம் பிரிச்சு வச்சிருந்ததக் காட்டுனான். சமோசாவாட்டம் வவுறு உப்புன முக்கோணம் ரெண்டு. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். மேல போயி கீழ வர்ற சோலியே கெடையாது. அட, நம்ம மில்லுல நூல் சுத்தற ஸ்பிண்டிலாட்டமே இருக்குதேன்னு அன்னிக்கே எனக்கு இது மேல ஒரு பாசம் வந்துபோச்சு. நான் அவங்கிட்டச் சொல்லலைங்க. சொன்னா தலை மேல ஏறி உக்காந்துக்குவான்.

ரேடியேட்டரு மூடியத் தொறக்கறீங்களா? தொறங்க. தண்ணி தளும்பத் தளும்ப இருக்குமே? நான் தெனமும் ஊத்தறனில்லீங்க. ஒரு நாளு தவற மாட்டேன். வேற எதும் ஊத்துனீங்களான்னா? சேச்சே. தண்ணியத் தவிர ஒரு சொட்டு வேற எதும் போகல. அவன் சொன்னபடிதான் எல்லாம்.

மஞ்சளா இருக்குதுங்களா? எங்க? வெளிச்சத்துக்கு அப்படித் தெரியும். வெரல்ல ஒட்டுதா? சரி விடுங்க, உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது, அது மஞ்சத்தூளுதான். முக்குல இருக்கற மெக்கானிக் மணியன் போடச் சொன்னான். மொதல்ல வந்து பொகையப் பாத்துட்டு, "அண்ணா, ஹெட் கேஸ்கட் போச்சு"ன்னு அடிச்சுச் சொன்னான். சொல்லிப்போட்டு பானெட்டத் தொறந்து அரை மணி நேரம் ஹெட்டத் தேடுனான் பாருங்க! இந்த இஞ்சினுக்கு ஹெட்டே கெடையாது, இல்லாத தலைய எங்க இருந்து கண்டுபிடிக்கறது? ரோசம் வந்துருச்சு அவனுக்கு. "எந்த எடத்துல ஒழுகுனாலும் ஒரு கை மஞ்சத்தூள் ரேடியேட்டர்ல போட்டா அடைச்சுக்கும்"னுட்டுப் போயிட்டான். லாரிக்காரங்க அல்லாரும் செய்யறதுதானுங்களே. ஒரு கைதான் போட்டேன். பையனுக்குத் தெரிய வேண்டாம்.

ஸ்டார்ட் பண்றீங்களா? பண்ணுங்க. ஆங்! கேட்டீங்களா சத்தத்த? பட் பட் பட் பட்டுன்னு. வேற எந்த வண்டிக்கு வரும் இந்தச் சத்தம்? இப்பப் பின்னாடி வாங்க. பாத்தீங்களா? பாத்தீங்களா பொகைய? சுண்ணாம்பு கரைச்சு ஊத்துனாப்பல கொட்டாயே தெரியல. சைலன்சர்ல இருந்து தண்ணி சொட்டுது பாருங்க. இதுக்குத்தானுங்க நான் ரெண்டு மாசமா தூக்கமில்லாம கெடக்கறேன்.

என்ன மொகத்தச் சுளிக்கறீங்க? தீயற வாசமா? வண்டியில இருந்துங்களா? இல்லையா? ஊட்டுப் பக்கமிருந்தா... ஐயையோ, பாலு! இருங்க, வந்தர்றேன்.

போச்சுங்க. சட்டி அடி புடிச்சுக் கருகிப் போச்சு. பேச்சு வாக்குல மறந்துட்டேன், அவ்வளவுதான். மறதிதானுங்க, வேற ஒண்ணுமில்ல. ஏனுங் தம்பி, இன்னும் ஓடுது? ரெண்டு நிமிசத்துக்கு மேல ஆச்சே. அணைச்சுருங்க. போதும். பொகையப் பாத்தாச்சில்ல?

இருவது நிமிசமா? எதுக்குங்க? இருவது நிமிசம் இது ஓடுனதே இல்லையே. நான் ஓட... இல்ல, ஓடிருக்குது, ஓடாம என்ன. வேண்டாங்க, உள்ள எதாச்சும் ஆயிரப் போகுது. மூடியத் தொறந்தே வச்சு, தண்ணியில குமிழி வருதான்னு பாக்கோணுமா? நீங்க சொன்னாச் சரி. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். இப்படி முதுகு காட்டி உக்காந்துக்கறேன். அந்தப் பொகையப் பாக்கவே எனக்குப் புடிக்கல.

என்னத்தப் படிக்கறீங்க? கண்ணாடியில ஒட்டுன காயிதமா? அவன் எழுதி ஒட்டுனதுதான். "சாவியைத் திருகினால் அரை மணி நேரமாவது ஓட்டணும். ஓட்ட முடியாது என்றால் திருகவே வேண்டாம்." கோடு போட்டு எழுதிருக்கறான் பாருங்க, அப்பங்காரனுக்கு. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம பல்லடம் ரோட்டுல போயிட்டு வரோணும். மொதல்ல அவனோட சேக்காளி ஒருத்தன் வந்து ஓட்டிட்டு இருந்தான். அவன் கண்ணாலம் பண்ணிட்டுத் திருப்பூரு போயிட்டான். "இனி ஆருங்ப்பா ஓட்டறது?"ன்னு யுவராஜ் கேட்டான். "ஏன், நான் இல்லையா? நான் ஓட்டறேன் சாமி"ன்னு சொன்னேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க.

இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? மொபெட்டு ஓட்டுவேன். முப்பது வருசம் ஓட்டிருக்கறேன். அவன் அங்க ஒண்டியாக் கெடக்கறவன், வண்டிக்கு ஆளில்லைன்னு வெசனப்பட வேண்டாமேன்னு ஒரு வார்த்த சொன்னேன். அது பொய்யாகுமுங்களா? ஆறுதலுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் போன் பண்றப்ப கேப்பான், "ஓட்டுனீங்களா?"ன்னு. "சூலூரு வரைக்கும் போயிட்டு வந்தேன், பஞ்சாட்டம் போகுது"ம்பேன். ஒரு தடவ, லாரிக்காரன் ஒருத்தன் சைடு குடுக்காம லொள்ளு பண்ணுனான்னு கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஓட்டுனாப்பலதான் இருந்துச்சு.

அதுக்காக வண்டிய நான் சும்மா போட்டு வைக்கல. மிசினு நின்னா துருப் புடிக்கும், மில்லுக்காரனுக்குத் தெரியாதா? வாரத்துக்கு அரை மணி நேரம்னு அவன் சொன்னான். நான் அதப் பிரிச்சுத் தெனமும் ரெண்டு ரெண்டு நிமிசமாக் குடுத்தேன். டாக்டரு மருந்தக் கூட மூணு வேளைக்குப் பிரிச்சுத்தான குடுக்கறாரு? காலைல ஆறு மணிக்கு வருவேன், ஊதுபத்தி பொருத்தி வைப்பேன், தண்ணி ஊத்துவேன், சாவியத் திருகுவேன். பட் பட் பட்டுன்னு கெளம்பும். முன்னாடி அவன் ஊட்ல இருந்தப்ப தெனமும் இதே நேரத்துக்குத்தான் கெளப்புவான். "உங்க பையன் எந்திரிச்சாச்சு, இனி தெருவே தூங்க முடியாது"ன்னு ராஜாமணி உள்ள இருந்து கத்துவா. ராஜாமணி எம்பொண்டாட்டி. ரெண்டு நிமிசம் கண்ண மூடிக் கேட்டுப்போட்டு அணைச்சுருவேன். அதுக்கு மேல கேட்டா என்னமோ மாதிரி ஆயிரும். சும்மா, மிசினு துருப் புடிக்கக் கூடாதேன்னுதானுங்க. வேற ஒண்ணும் இல்ல.

அப்படியே போயிருந்தா என்ன வந்துச்சு? தை மாசம் வர்றேன்னு சொல்லியிருந்தான். மூணு வருசம் கழிச்சு! செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல பழைய வண்டியெல்லாம் ஓட்டறாங்களாமா, இதக் கொண்டு போயி ஓட்டோணும், பத்து நாளு ஊட்ல இருப்பேன்னு சொன்னான். டிக்கெட்டுப் போட்டாச்சுங்கறான். நான் மேல மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு, புதுசா மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டேன். அவன் வர்றது வண்டிக்காகத்தான். எனக்குத் தெரியும். என்னப் பாக்கவான்னா இல்ல. எதுக்கா இருந்தா என்ன, வர்றானில்ல?

தீவாளி முடிஞ்சு பனி எறங்குனதும் இந்தப் பொகை வந்துச்சு. மொதல்ல கொஞ்சமா. அப்பறம் நாளுக்கு நாளு எச்சாச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வண்டி கெட்டுப் போச்சுன்னா அவன் என்னத்துக்கு வருவான்? சரி, அவனே பெரிய கைகாரன், கேட்டு நாமளே சரி பண்ணிரலாம்னு, போன்ல படம் புடிச்சு அனுப்பி வச்சேன். அடுத்த நிமிசம் போன் வந்துருச்சு. தானா அவன் கூப்பிட்டு எத்தன மாசம் ஆச்சு தெரியுங்களா? "ஏனுங்ப்பா, மூணு கேள்வி கேக்கறேன். நல்லாப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. பொகை வெள்ளையா வந்தா ஒண்ணு சும்மா ஈரமா இருக்கும், இல்லைன்னா இஞ்சினுக்குள்ள தண்ணி கசியாம அடைச்சிருக்கற சீலு போயிருக்கும். நீங்க சொல்றத வச்சுத்தான் நான் கண்டுபிடிக்கோணும்"னான்.

மொதக் கேள்வி, தண்ணி கொறையுதான்னு. நான் என்ன சொன்னேன்? "நான் தெனமும் தவறாம ஊத்திட்டுத்தான் இருக்கறேன் சாமி, நீ கவலையே படாத"ன்னேன். நெசந்தானுங்களே? தெனமும் ஊத்தறேன். ஏற்கனவே நெறஞ்சிருக்கறதால ஊத்தறது வழிஞ்சு கீழதான் போகும். இருந்தாலும் ஊத்தாம விடறதில்ல. கவனமாப் பாத்துக்கறேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?

ரெண்டாவது, இஞ்சின் நல்லாச் சூடானதுக்கப்பறம் பொகை நிக்குதா, நிக்கறதில்லையான்னு. அது எனக்கெங்க தெரியும்? ரெண்டு நிமிசத்துலதான் அணைச்சர்றனே. ஆனா சூலூரு வரைக்கும் ஓட்டறவனுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? "நிக்கறதே இல்ல, போற வழியெல்லாம் விட்டுட்டே போகுது"ன்னேன்.

மூணாவது என்னமோ கோளாறான கேள்வி. "வெல்லப் பாகாட்டம் இனிப்பா வாசம் வருதுங்களா?"ங்கறான். நான் யோசிச்சேன். தைக்கு வர்ற புள்ள இனிப்புங்களான்னு கேக்கறான். இனிப்புன்னா நல்லதுதான இருக்கும்? நல்லது இல்லைன்னா எதுக்கு அதுக்கு இனிப்புன்னு பேரு? "ஆமாஞ்சாமி, நல்லா இனிப்பா வருது, தெருவே மணக்குது"ன்னு சொன்னேன்.

அப்பறம் மெதுவாச் சொல்றான், "சீலு போச்சுங்ப்பா. தண்ணியோட கலந்திருக்கற மருந்து எரிஞ்சாத்தான் அந்த இனிப்பு வாசம் வரும். இஞ்சினயே எறக்கிப் பிரிக்கோணும். அங்க பிரிக்கறதுக்கு ஆளில்ல. பத்து நாள்ல என்னாலயும் முடியாது. விடுங்க"ன்னான். "நீ வந்து ஒரு எட்டுப் பாரு சாமி"ன்னேன். "வந்து என்ன பண்றதுங்ப்பா? டிக்கெட்டக் கேன்சல் பண்ணிக்கறேன். வண்டியத் தெரிஞ்சவங்க ஆருக்காச்சும் குடுத்தர்றேன்"னான். பொக்குனு போச்சுங்க எனக்கு. இனிப்புன்னு சொன்னது ஒரு குத்தமா?

அந்த வாசம் அடிச்சுதான்னு கேக்கறீங்களா? அடிக்காமயா சொல்லுவேன்? ஊதுபத்தி கூட வச்சிருந்தனே. அடிச்சிருக்கும். ஏன் என்ற மொகத்தையே பாக்கறீங்க? பாலு தீஞ்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சரிங்க. தெரியல. எனக்கு வாசம் தெரியறதில்ல. மல்லிகப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். மூணு வருசம் ஆச்சு. இத ஆருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டத்தான் மொதல் மொதலாச் சொல்றேன். மூணு வருசத்துக்கு முந்தி ஒரு வெசக் காச்சல் வந்துச்சு, எனக்கும் ராஜாமணிக்கும் ஒண்ணா. எனக்கு மூக்கோட போச்சு. அவளுக்கு உசுரோட போச்சு.

இதுலதானுங்க அவனுக்கு எம்மேல கோவம். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஆசுபத்திரியில ஒம்பது நாளு கெடந்தா. தெனமும் காலைல போன் பண்ணுவான். அதே மூணு கேள்வி. "அம்மா சாப்பிட்டாங்களா? மூச்சு வாங்குதா? நான் கெளம்பி வரட்டுங்களா?" நான் சொல்லுவேன், "சாப்பிட்டா சாமி. மூச்செல்லாம் ஒண்ணுமில்ல. நீ வேலையக் கெடுத்துக்கிட்டு வர வேண்டாம்." தூர தேசத்துல இருக்கற புள்ளைக்கு வேற எப்படிச் சொல்றது? நல்லதத்தான சொல்லோணும்? அந்தக் காலத்துல தந்தி அடிச்சாக்கூட சாவுன்னு எழுத மாட்டோம், சீரியஸ், உடனே புறப்படுன்னுதான் அடிப்போம். வர்ற வழியில மனசு ஒடிஞ்சுரக் கூடாதுன்னுதான அந்த வழக்கத்த வச்சாங்க? நானும் அதத்தான் செஞ்சேன். ஒரு நாளைக்கு ஒரு நாளு நல்லாயிருவா, நல்லாயிருவான்னே இருந்தேன். ஒம்பதாம் நாளு மத்தியானம் முடிஞ்சு போச்சு.

பால் தெளிக்கறதுக்குத்தான் வந்து சேந்தான். அவ மொகத்தப் பாக்கல. வந்தவன் அழுகல, திட்டல. திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இங்க, இந்த வண்டிப் படியில உக்காந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "ஏனுங்ப்பா, அம்மா கடைசியா எப்பச் சாப்பிட்டாங்க?" நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். வந்தவங்களுக்குக் காப்பித் தண்ணி பாக்கோணுமில்ல? பதினாறு முடிஞ்சு போறப்ப இந்தக் காயிதத்த ஒட்டிப்போட்டுப் போனான். "வண்டி விசயத்துலயாச்சும் உள்ளதச் சொல்லுங்ப்பா"ன்னான். அந்த "யாச்சும்" இருக்குது பாருங்க, அது இன்னும் இங்க குத்திக்கிட்டே இருக்குது. நான் என்னமோ பொய் பேசறவனாட்டம்.

என்னங்க? திரும்பிப் பாக்கறதா? வேண்டாங்க, நான் பாக்கல. குமிழி எதும் வரலையா? தண்ணி இம்மியும் கொறையலையா? சரி, அதனால என்ன? பொகைதான் அப்படியே...

எங்கங்க பொகை?

இல்ல, எங்க போச்சு? நீங்க எதாச்சும் பண்ணுனீங்களா? பதினேழு நிமிசம் ஆச்சா? தானாவே நின்னுருச்சா? இருங்க, கைய வச்சுப் பாக்கறேன். காஞ்ச காத்துதான் வருது. சொட்டுற தண்ணி கூட நின்னுபோச்சே.

வெறும் ஈரமா? தெனமும் ரெண்டு நிமிசம் கெளப்பிக் கெளப்பி அணைச்சதுல சைலன்சருக்குள்ள தேங்குன ஈரமா? சூடானா அதுவே காஞ்சு போயிருமா? சீலு நல்லா இருக்குதா? தம்பி, நல்லாப் பாத்துத்தான சொல்றீங்க? எனக்கு ஆறுதலுக்குன்னு சொல்லாதீங்க. ஆறுதல் வேண்டாம் எனக்கு. நெசமாவே நல்லா இருக்குதா?

நல்லா இருக்குது. ஒரு கேடும் இல்ல. அப்ப ரெண்டு மாசமா... அந்த டிக்கெட்டு... நல்லா இருந்த வண்டிய நானே வாயால கொன்னு போட்டிருக்கறேன்.

ஆருக்குங்க போனை எடுக்கறீங்க? யுவராஜுக்கா? வேண்டாங்க! தம்பி, ஒரு நிமிசம், உங்க கால்ல வேணாலும் விழுகறேன். வண்டி நல்லா இருக்குதுன்னு சொல்லோணும், அது சரிதான், அப்பத்தான் விக்க மாட்டான், அப்பத்தான் வருவான். ஆனா எப்படி நின்னுச்சுன்னு கேப்பானில்ல? அவன் விட மாட்டானுங்க, நோண்டி நோண்டிக் கேப்பான். நீங்க சரி பண்ணிட்டதாச் சொல்லீருங்க. மஞ்சத்தூளு அடைச்சுருச்சுன்னு சொல்லுங்க. அது வேண்டாமா? அப்படிச் சொன்னா சீலு ஒழுகுனது நெசம்னு ஆயிருமா? அதுஞ் சரிதான். அப்ப... அப்ப நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க வண்டிய. இல்ல, வேண்டாம், எடுத்துட்டுப் போனா அவன் வரவே மாட்டான். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? எந்தப் பக்கம் போனாலும் அந்த ரெண்டு நிமிசத்துலதான் வந்து நிக்குது. அதச் சொன்னா சூலூரு பொய், லாரிக்காரன் பொய், வாசம் பொய். கெட்டிக்காரன் பொளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. நான் கெட்டிக்காரனும் இல்லீங்க. அப்பறம் அவன் இந்த சென்மத்துல என்ற பேச்ச நம்புவானா?

என்ற போன்தான் அடிக்குது. அவந்தான். சாவியக் குடுத்துட்டனான்னு கேக்கறதுக்குக் கூப்பிடறான். நீங்க பேசறீங்களா? மாட்டீங்களா? நாந்தான் பேசோணுமா?

வண்டிய அணைக்காதீங்க.

அலோ. யுவராஜு. ஆமாஞ்சாமி, வந்துட்டாரு. இங்கதான் நிக்கறாரு. நானா? நான் நல்லா இருக்கறேன், எனக்கென்ன, காப்பியெல்லாம் குடிச்சு...

இல்ல சாமி. காப்பி குடிக்கல. பாலு தீஞ்சு போச்சு. அடுப்புல வச்சது கருகி நாறியிருக்குது, எனக்குத் தெரியல. எனக்கு வாசமே தெரியறதில்ல. அந்தக் காச்சலோட போச்சு. இனிப்பு வாசம்னு நான் சொன்னது சும்மா சொன்னதுதான். எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது சாமி. ஒரு நாளும் ஓட்டல. சத்தத்தக் கேக்கறதுக்குத் தெனமும் ரெண்டு நிமிசம் கெளப்புவேன், அவ்வளவுதான். வண்டிக்கு ஒண்ணுமில்ல. இதா ஓடுது, கேளு, பொகையே இல்ல, இவரைக் கேட்டுப் பாரு.

என்ன? அதில்ல, நீ எதும் சொல்ல வேண்டாம். இன்னொண்ணு இருக்குது. நீ அன்னிக்கு வண்டிப் படியில உக்காந்துக்கிட்டு எங்கிட்ட ஒண்ணு கேட்டியே. செவ்வாக்கெழம காலைல. உங்கம்மா கடைசியாச் சாப்பிட்டது செவ்வாக்கெழம காலைல, அரை இட்லி. நாந்தான் ஊட்டுனேன். அதுக்கப்பறம் அஞ்சு நாளு ஒண்ணும் எறங்கல. மூச்சு நெம்ப வாங்குச்சு. உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. நான் உன்ன வர வேண்டாம்னு சொன்னேன்.

யுவராஜு? சாமி, இருக்கியா?

தம்பி, அந்த வண்டிய அணைச்சுராதீங்க. அவன் இன்னும் லைன்லதான் இருக்கறான்.